பிளேடு இடுக்கில் பால்துரை

வலை பின்னுகிற தங்கூசி நரம்பைப் பால்துரை அண்ணாச்சி நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து விற்கிறார் என்று தூத்துக்குடியில் ஒரு பேச்சு கிளம்பியது. தங்கூசி என்பது கண்ணாடி மாதிரி மின்னுகிற நைலான் நரம்பு. தலைமுடி இரண்டு மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவோ அவ்வளவுதான் தடிமன். அதை நுனியிலிருந்து அடிவரை பிசகாமல் கிழிக்கத் தெரிந்த ஒரு மனிதர், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் உப்பு லாரிப் புழுதியைத் தின்றுகொண்டு ஏன் வலைக்கடை வைத்திருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. பேச்சு கேட்க நன்றாக இருந்தது. அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

சரி, விசாரித்துப் பார்ப்போம் என்று புறப்பட்டால், மீன் ஏலக்கூடத்தில் டீக்கடையைக் கைகாட்டினார்கள். டீக்கடையில், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். குரல் தெற்கே மணப்பாட்டு மீனவர் ஒருவருடையது. மணப்பாட்டில் கேட்டால், "நாங்க சொல்லல, தூத்துக்குடி டீச்சரே லைட்டு அடிச்சுப் பாத்துச் சொல்லிட்டாவ" என்றார்கள். அந்த டீச்சர் எங்கே இருக்கிறார் என்று தேடிப்போனால், கடற்கரையெல்லாம் சுற்றிய பேச்சு பால்துரையின் கடை வாசலுக்கே திரும்பி, பக்கவாட்டுப் படியில் ஏறி, மாடியில் போய் நின்றது. டீச்சர் உமாராணி குடியிருப்பது பால்துரையின் மாடியில்தான்.

பால்துரைக்கு அறுபது நெருங்குகிறது. சொந்த ஊர் நாசரேத்துக்குத் தெற்கே, செம்மணல் மேடான தேரியின் ஓரம். அப்பா கருப்பட்டி வியாபாரி. சந்தையில் ஒரு தரகர் எடைத்தட்டின் அடியில் கட்டைவிரலைக் கொடுத்துத் தாங்கியதைச் சின்ன வயதில் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து பால்துரை யார் முகத்தையும் பார்த்துப் பேசியதில்லை. கட்டைவிரலைப் பார்த்துத்தான் பேசுவார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அப்படித்தான் குனிந்த தலை நிமிராமல் எல்லார் கையையும் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம் என்று பெண்வீட்டார் அந்த இடத்திலேயே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

தூத்துக்குடிக்கு வந்து, உறவுக்காரர் கடையில் கயிறு சுற்றி, வலைக்கு ஈயக்குண்டு கோத்து, அப்புறம்தான் தனிக்கடை. அவர் போட்ட முதல் என்று பார்த்தால் சந்தேகம்தான். கடையில் இரண்டு கடிகாரம் மாட்டியிருக்கிறார். ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. இரண்டும் ஒரே நேரம் காட்டினால், கூட்டுச் சேர்ந்துவிட்டதாக நினைப்பார். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, "இந்த மிஷின கடைசியா எப்ப சரிபாத்திய?" என்று கேட்டு, டாக்டருடைய ரத்த அழுத்தத்தை ஏற்றிவிட்டு வந்தவர்.

அவர் சந்தேகப்படாத பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்று. மேஜை இழுப்பறையில் இருக்கும் ஸ்குரூ கேஜ். நரம்பை அதன் வாயில் வைத்துத் திருகினால் தடிமனைச் சொல்லும். நரம்புக் கம்பெனியின் ஏஜென்ட் ஒரு தீபாவளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. கம்பெனி நரம்பைக் கம்பெனி கொடுத்த கருவியில் அளந்தால் கம்பெனி சொன்ன அளவு வந்தது. பால்துரை திருப்திப்பட்டுக்கொண்டார். சந்தேகத்துக்கும் ஓய்வு வேண்டுமே.

வாடிக்கைக்காரர்களில் மணப்பாட்டு ஆட்களோடு மட்டும் அவருக்கு ஓயாத தகராறு ஒன்று உண்டு. வலைக்கண்ணியை, அதாவது வலையின் ஓட்டையை, பால்துரை கடையில் முடிச்சுக்கு முடிச்சு அளப்பார்கள். மணப்பாட்டில் அதே கண்ணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அளப்பார்கள். அவர்கள் எண்பது என்பதும் இவர் நாற்பது என்பதும் ஒரே கண்ணிதான். அதனால் எந்த எண்ணைச் சொன்னாலும், "ஒங்க நாப்பதா, எங்க நாப்பதா?" என்று கேட்டுத் தெளிந்துகொண்ட பிறகே சரக்கைக் கட்டுவார்கள். இருந்தும் மணப்பாடு அவரை விட்டதில்லை, அவரும் மணப்பாட்டை விட்டதில்லை.

அந்த வியாழக்கிழமை, கடைக் கணக்கப்பிள்ளை லிங்கராஜ் மெதுவாக அருகே வந்தான்.

"அண்ணாச்சி, ஒரு பேச்சு அடிபடுது."

"யாரு சொன்னா?"

"என்ன பேச்சுன்னு கேக்கலியா?"

"அது பெறவு. யாரு சொன்னா?"

"சொல்லுதாவ" என்றான் லிங்கராஜ். பிறகு நரம்பு கிழிக்கிற கதையை ஆதியோடந்தமாகச் சொன்னான். "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் மணப்பாட்டுக்காரங்க கூடிப் பேசுதாங்களாம். நம்மகிட்ட வாங்குன வலை பூராவும் லோடு வண்டியில ஏத்தி இங்கன கொண்டாந்து கொட்டிட்டு, இனிமே இந்த வாசல மிதிக்கிறதில்லன்னு முடிவு பண்ணப் போறாங்களாம்."

"நீ எதுக்குலே வேர்க்க?"

"வெயிலு அண்ணாச்சி."

"ஃபேனுக்குக் கீழல்லா நிக்க?"

பால்துரைக்கு விஷயத்தின் கனம் புரிந்தது. மணப்பாடு ஒதுக்கினால் பெரியதாழை ஒதுக்கும். பெரியதாழை ஒதுக்கினால் வேம்பார் வரைக்கும் ஒருத்தன் வரமாட்டான். கடலில் நரம்பு அறுந்தால் வலையோடு போய்விடும். கரையில் பேர் அறுந்தால் எந்த முடிச்சிலும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இதைப் பொய் என்று காட்டியாக வேண்டும்.

மத்தியானம் சோறு பரிமாறுகிறபோது மனைவி பொன்செல்வி சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏங்க, கிழிக்கியளா?"

"ஏளா, நீயுமா கேக்க?"

"இல்ல, இத்தன வருசமா ஒங்கள கேட்டு நான் ஒண்ணும் தெரிஞ்சுக்கிட்டதில்ல. ஊரு சொன்னாத்தான் எனக்குத் தெரியுது. அதான் கேட்டேன்."

சொல்லிக்கொண்டே அவள் ரசத்தை ஊற்றினாள். ஊற்றும்போது அவள் கண் அவர் முகத்தில் இல்லை, கையில் இருந்தது. பால்துரை கட்டைவிரலைச் சோற்றுக்குள் மறைத்துக்கொண்டார்.

மறுநாள் மாடிப்படி ஏறினார். உமாராணி பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுப்பவர். சாயங்காலம் வீட்டில் டியூஷன். மொட்டைமாடியில் அவருடைய துணிக்கொடியை அறுத்துவிட்டு பால்துரை வலை காயப்போட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சு குறைவு. பழிவாங்குகிறார் என்பதில் பால்துரைக்கு எள்ளளவும் ஐயமில்லை.

"கொடிக்கயிறு விசயத்த நீங்க இன்னும் மறக்கலபோல டீச்சர்."

"மறக்கல. ஆனா இது அதுக்கு இல்ல. உக்காருங்க அண்ணாச்சி."

அவர் நாற்காலியின் கால்களை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். மணப்பாட்டில் நண்டு வலைக்காரக் குடும்பங்களுக்கெல்லாம் சேர்த்து வலை வாங்கும் பொறுப்பு கிரேசியுடையது. கிரேசியின் அக்கா மகள் உமாராணியிடம் டியூஷன் படிக்கிறாள். இந்தத் தடவை வலை சீக்கிரம் அறுகிறது, நரம்பு மெலிவாக இருக்குமோ என்று கிரேசிக்குச் சந்தேகம். அளந்து சொல்ல முடியுமா என்று அறுந்த வலையோடு வந்து நின்றாள். கடையில் ஸ்குரூ கேஜ் இருக்கிறதே என்றதற்கு, "இரும்ப அண்ணாச்சி திருகுவாவ. வெளிச்சத்த எவன் திருகுவான்?" என்று கேட்டாளாம்.

"அது எனக்குப் பிடிச்சுது அண்ணாச்சி. எம் பிள்ளைங்க ஒருத்தருக்கும் வராத சந்தேகம்."

"வெளிச்சத்துல எப்பிடி டீச்சர் நரம்ப அளக்க?"

உமாராணி ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். நடுவில் ஓட்டை. ஓட்டைக்கு மேல், நீளவாக்கில் உடைத்த சவர பிளேடின் இரண்டு பாதிகள், கூர்முனைகள் ஒன்றை ஒன்று பார்த்தபடி ஒட்டியிருந்தன. ஒட்டும்போது இரண்டுக்கும் நடுவில் நரம்பை வைத்துக்கொண்டு, ஒட்டிய பிறகு உருவிவிட வேண்டும். நரம்பு போய்விடும், அதன் தடிமன் இடுக்காக நிற்கும். அந்த இடுக்கில் லேசர் லைட்டை அடித்தால், எதிர்ச்சுவரில் நடுவே ஒரு சிவப்புப் பட்டை விழும், அதன் பக்கத்தில் கறுப்பு. முதல் கறுப்பு எந்தக் கோணத்தில் விழுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், இடுக்கு எவ்வளவு என்று கணக்குச் சொல்லிவிடும்.

"இடுக்கு ஒடுங்க ஒடுங்க, பட்டை விரியும். நரம்பு பாதி தடிமன்னா கோணம் ரெட்டிப்பு."

பால்துரை நிமிர்ந்தார். "இடுக்கு ஒடுங்குனா வெளிச்சமும் ஒடுங்கணும்லா? விரியுமாக்கும்?"

"துறைமுகத்துல அலைத்தடுப்புக் கல்லுக்கு நடுவுல வாய் இருக்குல்லா? அதுவழியா உள்ள வார அலை நேரா மட்டுமா போகுது? ரெண்டு பக்கமும் விரிஞ்சு கட்டிப்போட்ட படகெல்லாத்தையும் ஆட்டலியா? வெளிச்சமும் அலைதான்."

"அது கடலு."

"இதுவும் அப்பிடித்தான்."

"கடலயே நான் நம்புனதில்ல டீச்சர்."

உமாராணி பலகையில் கணக்கை எழுதினார். கோணத்தின் சைன் என்பது வெளிச்சத்தின் அலைநீளத்தை இடுக்கால் வகுத்தது. கோணம் இவ்வளவு சின்னதாக இருந்தால், சுவரில் நடுவிலிருந்து கறுப்பு வரை உள்ள தூரத்தைச் சுவர் வரை உள்ள தூரத்தால் வகுத்தாலும் அதேதான் கிடைக்கும். சுவர் நாலு மீட்டரில். கிரேசி சுவரோரம் நின்று ஸ்கேலை வைத்துச் சொன்னது இருபத்துநாலு மில்லிமீட்டர். கோணம் ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. நரம்பு 0.108 மில்லிமீட்டர். டப்பாவில் அச்சடித்திருப்பது 0.23.

"பாதி கூட இல்ல" என்றார் உமாராணி. குரலில் வருத்தம் இருந்தது. அந்த வருத்தம் அசலா என்று பால்துரை அவர் கட்டைவிரலைப் பார்த்தார். சாக்பீஸ் தூள்தான் இருந்தது.

"நான் கிழிக்கல டீச்சர்."

"கிழிச்சியன்னு நான் சொல்லல. கம்மின்னுதான் சொன்னேன். மணப்பாடு போய்ச் சேரும்போது அது கிழிஞ்சிட்டு."

"என் கண்ணு முன்னால திரும்ப அளங்க. கிரேசியும் இருக்கணும்."

சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் உமாராணி வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். வெளிச்சம் புகாமலிருக்க ஜன்னல்களில் கடைச் சாக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கிரேசி பஸ் புழுக்கத்தோடு, அறுந்த வலையைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"சொகமா அண்ணாச்சி?"

"நீ சொல்லித்தான் எனக்கே தெரிய வேண்டியிருக்கு."

அவள் அறுத்துக் கொடுத்த நரம்பைப் பால்துரை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார், நகத்தால் சுரண்டினார். வேறு கடைச் சரக்காக இருக்கவேண்டும் என்று அவருக்குள் ஒரு பிரார்த்தனை ஓடியது. "நம்ம நரம்புதான்" என்றார், கடன் ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

உமாராணி புதுப் பிளேடை உடைத்து, நரம்பை நடுவில் வைத்து, இரண்டு பாதிகளையும் நெருக்கினார்.

"நல்லா அழுத்துங்க டீச்சர்" என்றாள் கிரேசி. "லூசா விட்டா அண்ணாச்சிக்கு வசதி."

"நசுக்காதிய. அது நைலான். அது நசுங்குனா எம் பேரும் சேர்ந்து நசுங்கும்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்ச மட்டும் விட்டுக்கிட்டு இருக்கியளா?" என்றார் உமாராணி.

டேப் ஒட்டி, நரம்பை உருவி, அட்டையைத் துணி மாட்டும் கிளிப்பில் நிறுத்தினார். புத்தக அடுக்கின் மேல், சாவிக்கொத்தில் தொங்குகிற லேசர் லைட்டு. திருச்செந்தூர்த் திருவிழாக் கடையில் வாங்கியது. அமுக்கியதும் எதிர்ச்சுவரில் சிவப்பாய் ஒரு தழும்பு விழுந்தது. நீளமாக, படுத்தவாக்கில். அதன் இரண்டு பக்கமும் கறுப்பு. கறுப்பைத் தாண்டிக் குட்டிக் குட்டியாகச் சிவப்பு, போகப் போக மங்கல். பால்துரை அட்டைக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டு, நூல் கீல் ஏதும் கட்டியிருக்கிறதா என்று துழாவினார். அவர் உள்ளங்கையிலும் சிவப்பு விழுந்தது. சட்டென்று கையை உதறிக்கொண்டார்.

கிரேசி இரும்பு ஸ்கேலோடு சுவரில் சாய்ந்தாள். பால்துரை அவள் தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவர் பார்க்க வந்தது வெளிச்சத்தை அல்ல, அவள் கட்டைவிரலை. ஏமாற்று வேலை என்றால் அங்கேதான் நடக்கும். இடக்கைக் கட்டைவிரல் இடப்பக்கக் கறுப்பில் அசையாமல் நின்றது. தப்பில்லை. வலக்கைக் கட்டைவிரல் வலப்பக்கக் கறுப்பில் நின்றது. அதுவும் அசையவில்லை.

"இருபத்துநாலு. அன்னைக்கும் இதேதான் டீச்சர், மாறல."

"நாலு மீட்டருக்கு இருபத்துநாலு" என்று அந்தக் கோடியில் உமாராணி எழுதத் தொடங்கினார்.

பால்துரை இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார். ஏமாற்று வேலை இல்லை. அப்படியானால் பாதிதான். கம்பெனிக்காரன், ஏஜென்ட், அந்தத் தீபாவளி, எல்லாம் கண்முன் ஓடின. ஓடிக்கொண்டிருந்தபோதே இரண்டு கட்டைவிரலையும் அவர் பார்வை விடவில்லை. இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. இந்தப் பிடியை அவர் எத்தனையோ முறை கடை மேஜையில் பார்த்திருக்கிறார்.

"கிரேசி, இது ஒங்க இருபத்துநாலா, எங்க இருபத்துநாலா?"

"என்ன அண்ணாச்சி?"

"கண்ணிய இழுத்துப் பிடிச்சுல்லா அளக்க. டீச்சர் கேட்டது முடிச்சுக்கு முடிச்சு இல்லியா?"

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. உமாராணி எழுந்து சுவருக்கு வந்தார். "நான் நடுவுல இருந்துல்லா கேட்டேன்."

"நீங்க கறுப்பு வரைக்கும் அளங்கன்னிய. கறுப்பு ரெண்டு பக்கமும் இருக்கு. எந்தக் கறுப்புன்னு நான் என்னத்தக் கண்டேன்? இழுத்து அளந்தாத்தான எங்களுக்கு அளவு?"

உமாராணி ஸ்கேலை வாங்கி இரண்டு கறுப்பிலும் தானே வைத்துப் பார்த்தார். "அவங்க அளந்தது தப்பில்ல. நடு எங்க இருக்குன்னு கண்ணுக்குப் பிடிபடாது. ரெண்டு கறுப்புக்கும் நடுவுல அளந்து பாதியாக்குறதுதான் முறை. அவங்க பாதியாக்கித் தந்திருக்காங்கன்னு நான் நெனச்சுட்டேன். கேட்டிருக்கணும்."

பன்னிரண்டு மில்லிமீட்டர். கோணம் ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு. உமாராணி மறுபடி வகுத்தார். 0.217.

பால்துரை நாற்காலியில் உட்கார்ந்தார், இந்த முறை காலை ஆட்டிப் பார்க்காமல். கிரேசி பலகையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டப்பாவுல இருபத்துமூணுல்லா போட்டிருக்கு? இது இருபத்தொண்ணே முக்கால் கூட இல்லியே. அப்ப திருட்டுல பெரும்பங்கு போச்சு, கொஞ்சம் மிச்சமிருக்கு."

"பிளேட அழுத்தச் சொன்னது நீதான?" என்றார் பால்துரை. "நரம்பு நசுங்கியிருக்கும்." பிறகு எழுந்து லேசர் லைட்டைக் கையில் எடுத்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதன் வயிற்றில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைப் படித்தார். "அறுநூத்து முப்பதுலேர்ந்து அறுநூத்து எம்பதுன்னு போட்டிருக்கு. இது என்ன டீச்சர்?"

"அலைநீளம். அந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயாவது இருக்கும். நான் அறுநூத்தம்பதுன்னு எடுத்துக்கிட்டேன்."

"எம்பதுன்னு எடுத்தா?"

உமாராணி வகுத்துப் பார்த்தார். "0.227."

"முப்பதுன்னா?" என்றாள் கிரேசி.

"0.21."

"அப்ப நரம்பு டப்பா மேல இருக்க லேபிள சோதிக்க, லைட்டு மேல இருக்க லேபிள நம்பியிருக்கோம்" என்றார் பால்துரை. அவர் முகத்தில், வெகுநாள் காணாமல்போன உறவுக்காரனைக் கண்ட சந்தோஷம்.

"ஆமா" என்றார் உமாராணி. "அந்தக் கொஞ்சத்த இந்த லைட்ட வச்சுச் சொல்ல முடியாது. ஆனா பாதி இல்லங்கறத எந்தக் கோயில்ல வேணும்னாலும் சொல்லுவேன். லைட்டு அந்த அளவுக்குச் சரிதான்."

படியிறங்கும்போது பால்துரை கிரேசியை நிறுத்தினார். "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் நீ எந்திச்சு, அளவு பிசகிட்டுன்னு ஒரு வார்த்த சொல்லிரு."

"யாரு அளவு?"

கேட்டுவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"கிரேசிக்கு ஸ்கேல் பிடிக்கத் தெரியலன்னு நானே எங்க சனத்துக்கிட்ட சொல்லணுமாக்கும். பெறவு வலை வாங்குற பொறுப்ப எங்கிட்ட எவன் குடுப்பான்? அந்தப் பொறுப்பு வேற ஆள் கைக்குப் போனா, அவன் ஒங்க கடைக்குத்தான் வருவான்னு என்ன நிச்சயம் அண்ணாச்சி?"

பஸ் ஏறிப் போய்விட்டாள். பால்துரைக்கு அன்று தூக்கம் சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை மணப்பாட்டில் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. மேட்டுச் சிலுவைக் கோயிலில் பூசை முடிந்து ஆட்கள் இறங்கினார்கள். கீழே லோடு வண்டி தயாராக நின்றது. அதன் முதுகில் பாதி வலை ஏறியும் விட்டது. பால்துரை வெள்ளை வேட்டி படபடக்க அதன் பக்கத்தில் போய் நின்றார். கூட்டம் சுற்றிக்கொண்டது.

"அண்ணாச்சி, நேத்து திரும்ப அளந்தியளாமே. என்ன வந்துது?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"பாதி இல்லன்னு வந்துது."

"அப்ப மொதத் தடவ பாதின்னு வந்துதே, அது எப்பிடி?"

பால்துரை கூட்டத்தைப் பார்த்தார். இரண்டாவது வரிசையில் முக்காடு போட்டபடி கிரேசி. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒருவருடைய முகத்தைப் பார்த்தார். அந்த முகம் எதுவும் கேட்கவில்லை. அளந்துகொண்டிருந்தது. மணப்பாட்டு அளவுதான் குழப்பத்துக்குக் காரணம் என்றால், மணப்பாட்டையே முட்டாள் என்றதாகும். கிரேசி கணக்குத் தெரியாதவள் ஆவாள். நாளைக்கு வலை வாங்க வருகிறவன் எவனோ. உண்மையைச் சொன்னால் பேர் மிஞ்சும், வாடிக்கை மிஞ்சாது.

"அந்த லைட்டு இருக்கே" என்று ஆரம்பித்தார் பால்துரை. "திருவிழாக் கடை லைட்டு. அதும் மேல ஒரு ஸ்டிக்கர். அறுநூத்து முப்பதுலேர்ந்து அறுநூத்து எம்பது வரைக்கும் எது வேணும்னாலும் இருக்கலாமாம். லைட்டோட அளவே நிச்சயமில்ல. டீச்சரே ஒத்துக்கிட்டாவ."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே எடுத்தால் கோயிலிலேயே சொல்லலாம். கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது.

"திருவிழா லைட்ட வச்சு மனுசன் பேரக் கெடுத்துட்டாளே அந்த டீச்சர்."

பால்துரை ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மணல் விழுந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிரேசி முக்காட்டைச் சரிசெய்தாள். "அப்பவே பாத்தேன். அந்த லைட்டு ஒரு மாதிரி நடுங்கிக்கிட்டே இருந்துச்சு."

வண்டியில் ஏறிய வலைகள் இறங்கின. யாரோ பால்துரைக்கு சர்பத் வாங்கிக் கொடுத்தார்கள். அதில் எலுமிச்சை போட்டிருக்கிறதா, எசன்ஸா என்று அவர் கேட்கவில்லை.

அந்த வாரத்திலேயே பேச்சு பஸ் ஏறித் தூத்துக்குடி வந்தது. மாடி டீச்சரிடம் இருப்பது கள்ள லைட்டு என்றார்கள். எதிர்க்கடைக்காரன் டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்றது டீக்கடை. வெளிச்சத்தையே ஒழுங்காக அளக்கத் தெரியாதவர் பிராக்டிகல் பரீட்சைக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பார் என்று ஒரு அம்மா தன் மகனை டியூஷனிலிருந்து நிறுத்தினாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் நிறுத்தினார்கள். படியோரம் சாத்தியிருக்கும் சைக்கிள்கள் குறைந்ததை முதலில் கவனித்தவர் பால்துரைதான். அவர் கண்ணுக்குத் தப்புகிற விஷயமா அது?

உமாராணி ஒரு சாயங்காலம் கடைக்கு இறங்கி வந்தார். சத்தம் போடவில்லை.

"அண்ணாச்சி, நான் ஒங்கள ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். கடைக்கு வாரவங்ககிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. லைட்டு சரிதான், அளந்ததுல பாதியாக்க விட்டுப்போச்சுன்னு. கிரேசி பேர இழுக்க வேண்டாம், என் மேலயே போட்டுக்கிடுங்க. பாதியாக்காதது நான்தான். அது உண்மையும் கூட."

"சொல்லுதேன் டீச்சர். சொல்லாம இருப்பேனா?"

"அந்த மிச்சக் கொஞ்சத்தப் பத்தி நான் ஒருத்தர்ட்டயும் வாயத் திறக்கல, தெரியும்லா?"

"தெரியும் டீச்சர்."

அதைச் சொல்லிக் காட்டுகிறாரா, மிரட்டுகிறாரா என்று பால்துரை இரண்டு நாள் யோசித்தார். பாதியாக்க விட்டுப்போச்சு என்றால், முழுசாக அளந்தது யார் என்று கடைக்கு வருகிறவன் கேட்பான். கேட்டால் மணப்பாடு என்று சொல்லியாக வேண்டும். நண்டு சீசன் முடியட்டும் என்று நினைத்தார். சீசன் முடிந்தது. கோயில் திருவிழா முடியட்டும் என்று நினைத்தார். அதுவும் முடிந்தது. நடுவில் ஒரு நாள் மொட்டைமாடிக்குப் போய், துணிக்கொடிக்குப் புதுக் கயிறு கட்டிக் கொடுத்தார், தடிமனான கயிறு. உமாராணி அதில் ஒரு துணியும் காயப்போடவில்லை.

போன வாரம் வேம்பாரிலிருந்து ஒரு புது வாடிக்கைக்காரன் வந்தான். சுருளை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே, "மாடியில ஒரு டீச்சர் கள்ள லைட்டு வச்சிருக்காவளாமே, அண்ணாச்சி, நெசமா?" என்று கேட்டான். பக்கவாட்டுப் படியில் உமாராணி குடத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார். கேள்வி காதில் விழுந்ததும் அந்தப் படியிலேயே நின்றார். லிங்கராஜ் நரம்பு சுற்றுவதை நிறுத்தினான். பால்துரை தலையைக் குனிந்து வந்தவனின் கட்டைவிரலைப் பார்த்தார், படியைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒனக்கு எத்தன சுருள்யா வேணும்?" என்றார்.